கிளச்சுக்குக் கொடுத்த தடி

முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். மகள் தொலைபேசியை வைத்துவிட்டு, "அம்மா, துரைமாமா..." என்றாள். எழும்பி யன்னலுக்கும் குசினிக்குமாய் நடந்தேன். என் அண்ணை நித்திரையில் போனாராம். ஓரிடத்தில் இராத மனிசன் படுத்த படுக்கையில் போனார் என்றால் நம்ப முடிகிறதா?

இந்தப் பிரெஞ்சு நாட்டில், எங்கள் ஆட்களின் லா சப்பல் கடைத்தெருவில் அவரை அறியாதவர் இல்லை. ஊரில் உழவு மிசின் ஓட்டியவர், இங்கே ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினார். தேத்தண்ணியையும் நின்றபடிதான் குடிப்பார். "நான் ஊருக்குப் போறன்" என்பதே அவரின் வாய்ப்பாடு. பல வருசத்துக்கு முந்தி, ஒரு மாரி தொடங்க முன்னம் உண்மையாகவே விமான ரிக்கற் எடுத்துவிட்டார். அங்கே ஷெல் விழுகிற காலம். அழுதேன், ஏசினேன். கேட்கவில்லை.

அந்தக் கிழமைதான், கடைகளுக்கு வெங்காயம் கொண்டுவரும் வெள்ளைக்காரக் கமக்காரர், தன் தகப்பன் காலத்து உழவு மிசின் கொட்டிலில் கிடந்து கிளச்சு ஒட்டிப்போனதைச் சொன்னார். அண்ணைக்குக் கால் நிற்குமா? "பாத்திட்டு வாறன்" என்றார். விமானம் ஏறத்தான் ஓடுகிறாரோ என்று நானும் கமக்காரரின் வான் வண்டியில் ஏறினேன்.

மிசினை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்று கமக்காரர் கையால் வெட்டிக் காட்டினார்.

"உவருக்கு விசர்! தட்டு துருவிலை ஒட்டினதுக்கு ஆரும் வயித்தைக் கிழிப்பினமோ?"

அப்படிச் சொன்ன அண்ணை எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தினார். கிளச்சை முழுதாய் மிதித்தபடி, கியரில் போட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினார். ஒட்டின கிளச்சல்லவா, மிசின் பாய்ந்தது. பிரேக்கைத் தட்டித் தட்டி வயலைச் சுற்றினார். பின்னாலே கமக்காரர் "அரெத்தே! அரெத்தே!" என்று ஓட, அவருக்குப் பின்னாலே நான் சேலையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணை, நிப்பாட்டுங்கோ!" என்று ஓட... ஒரு உதறல். மிசின் நின்றது, எஞ்சின் மட்டும் ஓடியது.

"கிளச்சு விட்டிட்டுதடி தங்கச்சி!"

கொட்டிலில் விட்டதும் கிளச்சுப் பெடலை அமத்தி, அதற்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு தடியை இறுக்கினார். ஊரில் மாரிக்குச் செய்கிற வேலை. தட்டு விலகி நின்றால் ஈரத்தில் ஒட்டாது.

திரும்பி வரும்போது, "பனி விட உந்தத் தடியை எடுக்கவேணும்" என்றார்.

"அவர் எடுப்பார்தானே?"

"அவனோ? மறந்துபோவான். நான்தான் எடுக்கவேணும்."

"அப்ப ரிக்கற்?"

"நீ சும்மா இரு."

ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்தார். பனி விடப் போய்த் தடியை எடுத்தார். அடுத்த மாரிக்கும் போய்த் தடி கொடுத்தார். அதற்கடுத்த மாரிக்கும்.

"ஊருக்குப் போறன் எண்ட மனிசன் எங்கை?" என்று நக்கலடித்தால், "தடி கிடக்குதடி. அஞ்சாம் வகுப்போடை நிண்டனி, உனக்குக் கிளச்சு விளங்காது" என்பார். எனக்கு நல்லாய் விளங்கியது.

இந்த மாரிக்கும் தடி கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். செத்தவீட்டுக்கு வந்த கமக்காரர், தடியை இழுக்கிறமாதிரிக் கையால் காட்டி, தான் எடுக்கட்டுமா என்று கேட்டார். "நொன், வேண்டாம்" என்று என் நெஞ்சில் தட்டிக் காட்டினேன்.

அவரை அறிந்த உங்கள் எல்லாரிடமும் அவருடைய படம் இருக்கும், பகிடிகள் இருக்கும். எனக்கு அவர் விட்டுப்போனது அந்தத் தடி. பனி விடட்டும், நான் போய் எடுப்பேன்.