ஸ்ரீக்கு இடமில்லை

இந்த ஊர் ஆபீஸில் என் பெயர் பாதியில் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துதான் இடம். கோமளவல்லியில் 'வ'வுக்கு அப்பால் எதையும் உள்ளே விட அதற்கு மனசில்லை. டொராண்டோ வந்த ஆறு வருஷத்தில், "கோமலாவா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இங்கே அதற்குத் தெம்பில்லை.

திருச்சியில் கணக்குப் படித்துவிட்டு இங்கே புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன். அம்மாவுக்கு வாராவாரம் எழுதிய கடிதம் மாதம் ஒன்றாகக் குறைந்தபோது, மிஷினிலாவது அடித்து அனுப்புவோமே என்று தோன்றியது. நாலு வருஷம் முன்பு, மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தமிழை ஏற்றினேன். அதற்கு எழுத்து என்றால் வெறும் எண். மொத்தம் இருநூற்றைம்பத்தாறு. பாதியை ஆங்கிலம் முன்பே பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில் முப்பத்திரண்டைப் பிரிண்டர் தன் கட்டளைகளுக்கென்று வைத்துக்கொண்டது. மிச்சம் தொண்ணூற்றாறு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை ஒரே பஸ்ஸில் ஏற்றுகிற கதைதான். கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டும் இடம் போதவில்லை.

பக்கத்து மேஜை பார்பரா எட்டிப் பார்த்தாள்.

"உங்க பாஷையில எத்தனை எழுத்து?"

"இருநூத்தி நாப்பத்தேழு. அதுக்கு மேலயும் சிலது."

"அடேயப்பா! எல்லாமே வேணுமா? அதிகம் வராததை எடுத்துடேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். நானும் ஸ்ரீயை இறக்கிவிட்டேன்.

எங்கள் வீடுகளில் கடிதத்தின் தலையில் ஸ்ரீ போடாமல் எழுதுவது சாவுச் செய்திக்கு மட்டும்தான். படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டு ஸ்நானம் பண்ணுவார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அலுப்பில் அந்த நேரம் தோன்றவில்லை.

நடந்ததைத் தம்பி வரதன் பிறகு எழுதினான். மிஷினில் அடித்த முதல் கடிதத்தின் உறையைப் பிரித்த அம்மா, தலையில் ஸ்ரீ இல்லாததையும் என் கையெழுத்து இல்லாததையும் பார்த்திருக்கிறாள். நான் போய்விட்டேன், யாரோ ஆபீஸ்காரர்கள் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டாள். மேற்கொண்டு ஒரு வரி படிக்கவில்லை. யாரையும் படிக்கச் சொல்லவும் இல்லை. திருச்சி பாங்கிலிருந்து வரதன் சாயங்காலம் பாலம் தாண்டி வரும் வரை, அடுப்பு மூட்டாமல், கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதியிருந்ததோ, இங்கே கறிவேப்பிலை கிடைக்காததைப் பற்றி. பாவி நான்!

அம்மாவின் பக்கத்து வீட்டுப் போனுக்கு டிரங்க் கால் போட்டேன்.

"நீதானாடி?"

"நான்தாம்மா. நன்னா இருக்கேன்."

"இன்னொரு தரம் சொல்லு."

"நன்னா இருக்கேம்மா. கம்ப்யூட்டர்ல ஸ்ரீக்கு இடம் இல்லை, அதான்..."

"ஸ்ரீன்னா கோயில்ல இருக்கிற தாயார்டி. அவளுக்கே இடமில்லாத மிஷின் உனக்கு எதுக்கு?"

அதன்பின் தாளின் மேலே இரண்டு விரல் இடம் விட்டு அச்சடித்து, பேனாவால் ஸ்ரீ போட்டு அனுப்பலானேன். ஒரு நிமிஷ வேலை. முதலிலேயே செய்திருக்கலாம்.

போன மாசியில் ஊருக்குப் போனேன். அம்மாவின் பாராயணப் புத்தகத்தைத் திறந்தபோது, நூல் போட்டுக் கட்டிய சின்னக் காகிதக் கட்டு ஒன்று விழுந்தது. ஒவ்வொரு துண்டிலும் என் ஸ்ரீ. மேல் ஓரத்தை மட்டும் கிழித்து வைத்திருக்கிறாள்.

"மீதியெல்லாம் எங்கேம்மா?"

"வரதன் படிச்சுச் சொல்லிட்டான். பழைய பேப்பரோட போட்டாச்சு."

"அவ்வளவும் நான் எழுதினதும்மா."

"அது மிஷின் எழுதினது. இதுதான்டி நீ எழுதினது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். தரமாட்டேன் என்று வாங்கிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குத் திரும்பினேன். "கோமலாவா!" என்றாள் பார்பரா. திரும்பிப் பார்த்தேன்.