கழற்றி வைத்த கை

திரையில் முதலில் வந்தது அந்த இரும்புக் கைதான். ஆளின் முகம் தெரிவதற்கு முன்பே, சிவந்த புழுதிக்குள்ளிருந்து ஐந்து இரும்பு விரல்கள் நீண்டு ஓர் இயந்திரக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜப்பான்காரர்கள் எடுத்த புதுத் தொடர், முதல் பாகம் இப்போதுதான் வந்திருக்கிறது என்று என் மகளும் மகனும் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். கார்ட்டூன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அனிமேப்பா. வெளிய எங்கியும் கார்ட்டூன்னு சொல்லிடாத, மானம் போயிடும்" என்றாள் மகள். ஒன்பதாவது படிக்கிறாள்.

நான் பத்தாவதோடு ஓசூருக்கு வேலைக்கு வந்தவன். இதைப் பற்றியெல்லாம் எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். ஏதோ ஒரு தூரத்துக் கிரகம். வானத்தில் இரண்டு நிலா. ஆனால் மண்ணும் பாறைக்குன்றுகளும் நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வெயில் காலத்தில் இருப்பது போலவே இருந்தன. சுரங்க வேலைக்காரர்கள் வாழும் ஊருக்கு, பெரிய தொப்பி வைத்த அந்த ஆள் தனியாக வருகிறான். மிரட்ட வந்த கும்பல் துப்பாக்கியைத் தொடுவதற்குள் இரும்புக் கை சுட்டுவிடுகிறது. குதிரை மூச்சு விட்டால் ஆவி வருகிறது. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ராத்திரி ஒரு கொட்டகையில் அவன் படுத்தான். தொப்பியைக் கழற்றினான், பூட்ஸைக் கழற்றினான். கையை மட்டும் கழற்றவில்லை.

முதல் பாகம் முடிந்ததும் மகன் கேட்டான்: "மாமாவுக்கு இப்பிடி ஒரு கை வச்சா எப்பிடி இருக்கும்ப்பா?"

மாமா என்றது என் மனைவியின் அண்ணனை. எனக்கு மச்சான். கெலமங்கலத்தில் தக்காளி போடுகிறார். வலது கை மணிக்கட்டோடு கிடையாது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு ஊரெல்லாம் போவார், வருவார். என் பிள்ளைகள் அவரை அப்படித்தான் அறிவார்கள். அவருக்கும் ஒரு செயற்கைக் கை இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

நானும் அவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. தகடு அழுத்தும் பிரஸ்ஸில் அவர் கை போனது எப்படி என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பிறகு ஏதோ ஒரு முகாமில் ரப்பர் கை ஒன்று கொடுத்தார்கள். தோளில் வார் போட்டு மாட்டுவது. விரல் மடங்காது. மச்சான் நல்ல கறுப்பு. கையோ கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் போட்ட மாதிரி வெளுப்பு. முழுக்கை சட்டை போட்டு, அதைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டே நடப்பார். கடிகாரத்தையும் அதில்தான் கட்டியிருந்தார். "உங்களுக்கு என்னா மச்சான், அந்தக் கையில கொசு கடிக்காது" என்று பஸ்ஸில் ஒருவன் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து ஜன்னலோரமாக, அந்தக் கை யாருக்கும் தெரியாதபடி உட்கார ஆரம்பித்தார்.

மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்துத்தான் குத்த வேண்டும். அவருக்குத் தங்கை ஒருத்திதான், எங்களுக்கு இதுதான் முதல் குழந்தை. மச்சான் வர மாட்டேன் என்றுவிட்டார். சீர் அனுப்பிவிடுவதாகவும், பெரியப்பன் மகன் மடியில் உட்கார வைத்துக்கொள்ளச் சொல்லியும் பேசினார். மாமனாரும் அதுவே நல்லது என்றார். என் மனைவிதான் கேட்கவில்லை. "எங்கண்ணன் மடி இல்லாட்டி எம்புள்ளைக்குக் காதே குத்த வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குலதெய்வக் கோயிலுக்கு மச்சான் வந்தார். புதுச் சட்டை, கழுத்துவரை பொத்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்தோம். இடது கையால் உடம்பை அணைத்துக்கொண்டார். தலையைப் பிடிக்க ரப்பர் கையைக் கொண்டுவந்தார். அது பிடிக்கவில்லை, வழுக்கியது. குழந்தை திமிறியது. "தலைய ஆடாம புடிங்க மாமா" என்றார் ஆசாரி, தங்கக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. குழந்தை அந்தக் கையைத் தட்டிப் பார்த்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியப்பன் மகன் ஓரடி முன்னால் வந்து நின்றான்.

மச்சான் குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தார். எழுந்து போகப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். தோள் வாரை அவிழ்த்தார். கையை உருவி எடுத்து, கொண்டுவந்த சீர்த் தட்டில், வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தார். கைமுனை ரப்பர் அழுத்திய தழும்போடு சிவந்து கிடந்தது. என் மனைவி முந்தானையால் அதை மூடப் போனாள்.

"உடும்மா. பாத்துக்கட்டும்" என்றார் மச்சான்.

குழந்தையை வாங்கி, முழங்கையை மடக்கி, கைமுனையைக் கன்னத்தில் பதித்துத் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தார். இந்த முறை தலை அசையவில்லை. ஆசாரி இரண்டு காதும் குத்தி முடித்தார். குழந்தை கோயிலே அதிரும்படி அழுதது. அழுதுகொண்டே அந்தக் கைமுனையைத்தான் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடிக்கிறவரை வேறு யாரிடமும் போகவில்லை. மச்சான் ஒற்றைக் கையால் சாப்பிட்டார், குழந்தை அவர் மடியிலேயே தூங்கிப்போனது. அன்றைக்குப் பிறகு அவர் அந்தக் கையை மாட்டி நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது மகள் டிவியை நிறுத்தியிருந்தாள். அவளுக்கு இதில் ஒன்றும் நினைவில் இருக்க வழியில்லை. மகன்தான் விடாமல், "சரி, படம் எப்பிடிப்பா? அதச் சொல்லு" என்றான்.

நல்ல படம்தான். அந்தத் தொப்பிக்காரனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் பாகத்தில் நான் கண்டது இதுதான்: கையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார, அவ்வளவு பெரிய கிரகத்தில் அவனுக்கு இன்னும் ஓர் ஆள் கிடைக்கவில்லை. எங்கள் மச்சானுக்குக் கிடைத்தாள். அவளுக்கு அப்போது பல்கூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.