ஆறு மைல் சதுரத்தில் ஒரு பாலம்

நாங்கள் இங்கே குடிவந்த முதல் வசந்தத்தில், சேறு அப்பிய பூட்ஸுடன் ஒருவர் எங்கள் வீட்டுக்கு முன்னால் மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தோண்டிக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்த தொழிலாளி என்று நினைத்து, வெயில் ஏறியதும் ஒரு கிளாஸ் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே இழுவையில் குடித்துவிட்டு நன்றி சொன்னார். இந்த டவுன்ஷிப்பை ஆளும் மூன்று பேரில் அவர் ஒருவர் என்பதைப் பக்கத்து வீட்டுக் கெரல்தான் பிறகு சொன்னாள். எனக்கு நம்ப முடியவில்லை. கொழும்பில் எங்கள் வட்டார உறுப்பினரை நான் கண்டதெல்லாம் சுவரொட்டியிலும், கண்ணாடி ஏற்றிய வாகனம் ஒன்று விலகிப்போன புழுதியிலும்தான்.

டவுன்ஷிப் என்பதை ஊர் என்று சொல்ல இன்னமும் தயக்கமாக இருக்கிறது. கடைத்தெரு இல்லை. சந்தியில் வாகனங்களை நிறுத்த ஒரு கலர் லைட்கூட இல்லை. நீளம் ஆறு மைல், அகலம் ஆறு மைல், அவ்வளவுதான். குடியேறிகள் வருவதற்கு முன்பே அளவையாளர்கள் சங்கிலி பிடித்து அளந்து தாளில் கட்டம் போட்டுவிட்டார்கள். மைலுக்கு ஒரு வீதி, எல்லாம் நேர்கோடு, இரு பக்கமும் சோளமும் சோயாவும். நான் பிறந்த கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒழுங்கைகள் தம் விருப்பத்துக்கு வளைந்து துறைமுகப் பக்கம் இறங்கும். அங்கே வழி கேட்காமல் யாரும் வீடு கண்டுபிடித்ததில்லை. இங்கே தொலைந்துபோவதற்குத்தான் முயற்சி வேண்டும். கட்டத்துக்கு அடங்காதது தென்பக்கத்தை அறுத்துக்கொண்டு ஓடும் ஓடை மட்டும். டவுன்ஷிப் மண்டபத்தில் வரலாற்றுப் பலகை ஒன்று தொங்குகிறது. முதல் பண்ணை, முதல் பள்ளிக்கூடம், முதல் தேவாலயம் என்று நிறையச் சொல்லும். அதற்கு முன் இங்கே வாழ்ந்து விரட்டப்பட்டவர்களுக்கு ஒரேயொரு வரி. அந்த வரிக்கு முன்னால் நான் கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.

ஆளும் மூவருக்கும் சுப்பர்வைசர் என்று பெயர். வீதி, கான், பனி அகற்றுவது, இடுகாடு, இவைதான் அவர்களின் அரசாங்கம். மாதம் ஒருமுறை கூடுவார்கள். யாரும் போய் இருக்கலாம், எழும்பிப் பேசலாம். நான் ஒரு கூட்டத்துக்கும் போயிருக்கவில்லை. ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் வேலை. வீடு, வேலை, ஞாயிறு பூசை, இதற்குமேல் இந்த நாட்டிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

ஓடைக்கு மேலிருந்த மரப்பாலம்தான் என்னைப் போக வைத்தது. பலகைகள் உக்கிவிட்டன, பாலத்தை நிரந்தரமாக மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. பாலத்துக்கு அப்பால் நகரம். மூடினால் எங்கள் நான்கு வீட்டுக்காரரும் ஒன்பது மைல் சுற்ற வேண்டும். கெரலுக்கு எழுபத்தெட்டு வயது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குத் தானே காரோட்டிப் போகிறாள். கூட்டம் நடந்த நாளும் அவளுக்கு அந்த நாள்களில் ஒன்று. திரும்பி வந்து சோபாவில் சாய்ந்தவள் எழும்பவில்லை.

“எனக்காக நீ போய்ச் சொல்வாயா?” என்று கேட்டாள்.

மண்டபத்தில் இருபது பேர் இருந்திருப்பார்கள். ஜன்னலில் இன்னும் கோடை வெளிச்சம் நின்றது. கை தூக்கினேன். மூவரில் தலைவராக இருந்தவர் தலையசைத்துவிட்டு, “நேம் அண்ட் அட்ரஸ், ஃபோ த ரெக்கோட்” என்றார். குறிப்பில் எழுதப் பெயரும் முகவரியும் வேண்டுமாம்.

எத்தனையோ வருடங்களுக்கு முன்னால், யுத்த காலத்தில், நாங்கள் கொழும்பின் மறுபக்கமான வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தோம். தம்பி அன்ரனும் எங்களோடு இருந்தான். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் பொலிஸில் பதிய வேண்டும். காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பொலிஸார் பஸ்ஸை மறித்து இறக்கி, சிங்களத்தில் கேட்பார்கள். “நம மொகக்த? கொஹெத இன்னே?” பெயர் என்ன, எங்கே இருக்கிறாய். ஒரு மத்தியானம் அன்ரனை இறக்கினார்கள். அடையாள அட்டையில் கொட்டாஞ்சேனை முகவரி. அவன் வாயால் சொன்னது வெள்ளவத்தை. பிடித்துக்கொண்டு போக அது போதுமாக இருந்தது. மூன்றாம் நாள் விட்டார்கள். வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையை மடியில் வைத்தபடி என்னைக் கேட்டான்: “அக்கா, நான் என்ன பிழையாச் சொன்னனான்?” அதற்குப் பிறகு நான் முகவரியை ஒரே மூச்சில் சொல்லப் பழகினேன். வீட்டிலக்கத்தில் தொடங்கி, தபால் வட்டார எண்ணான கொழும்பு ஆறில் முடியும். இடையில் தடக்கக் கூடாது.

மண்டபத்தில் அந்த மூச்சுத்தான் வந்தது. “பிலோமினா அருளப்பு” என்று தொடங்கி, வீட்டிலக்கம், ஒழுங்கை, வெள்ளவத்தை, கொழும்பு ஆறு என்று முழுவதையும் ஒப்புவித்தேன்.

குறிப்பெழுதும் பெண் பேனையை நிறுத்தினாள். “அந்த வீதி எங்கே வருகிறது? ஓடைக்கு வடக்கா, தெற்கா?” அவள் உண்மையாகவே கேட்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய்ப் பாஸ்போட்டைத் தேடியது.

“பத்திரம் ஒன்றும் வேண்டாம், அம்மா. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும்” என்றார் தலைவர்.

இங்கத்தைய வீதியின் பெயரைச் சொன்னேன். பிறகு கெரலைப் பற்றிச் சொன்னேன். டயாலிசிஸ் முடிந்து வரும் ஒருவருக்கு ஒன்பது மைல் என்றால் என்ன, அதுவும் பனிக்காலத்தில் என்ன என்பது எனக்கு என் வேலையால் தெரியும். ஒரு பண்ணைக்காரர் குறுக்கிட்டு, “நாலு வீட்டுக்கு ஒரு பாலமா?” என்றார். “அந்த நாலு வீடும் இந்த ஆறு மைலுக்குள்தானே இருக்கிறது” என்றுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டுக்கு ஒன்று என்று வாக்கு விழுந்தது. பாலம் இருக்கும், பலகை மாற்றுவார்கள், பாரம் ஏற்றிய லொறி போகக் கூடாது. பண்ணைக்காரர் என்னைப் பார்க்காமலே வெளியேறினார். இனி அவருடைய தானிய லொறிகள்தான் சுற்றிப்போகும். எதிர்த்து வாக்களித்தவர் எங்கள் கானைத் தோண்டிய அதே மனிதர். இரண்டு கிழமை கழித்துப் பாலத்தில் முழங்காலில் இருந்து புதுப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

அன்ரன் இன்னும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறான். தொலைபேசியில் கதையைச் சொன்னேன்.

“எந்த அட்ரஸைச் சொன்னனீங்கள்?”

“ரெண்டையும்.”

“ரெண்டையுமோ? அவங்கள் ஒண்டும் கேக்கேல்லையா?”

“கேட்டவை. ஓடைக்கு எந்தப் பக்கமெண்டு.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். நானும் சிரித்தேன். அவன் பொலிஸில் இருந்த அந்த மூன்று நாளுக்குக் கிட்ட எங்கள் சிரிப்பு போனது அதுதான் முதல் தடவை. சிரித்து முடிந்ததும், “சரி அக்கா, வைக்கிறன்” என்றான்.

அடுத்த மாதமும் கூட்டத்துக்குப் போனேன். போன கூட்டத்தின் குறிப்பைப் பிரதியெடுத்துக் கதிரைகளில் வைத்திருந்தார்கள். என் பெயரில் ஓர் எழுத்துக் கூடியிருந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு கமா, காதில் விழுந்தபடி எழுதிய வெள்ளவத்தை, கொழும்பு ஆறு. இன்னொரு கமா, எங்கள் வீதி. இந்த டவுன்ஷிப்பில் வசிப்பவர் என்று முடிந்திருந்தது.

“திருத்தம் ஏதும் உண்டா?” என்று தலைவர் பொதுவாகக் கேட்டார். கை தூக்கியிருந்தால் பேனையால் ஒரு கோடு போட்டு விஷயத்தை முடித்திருப்பார்கள். எதை வெட்டச் சொல்வது? என் இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன. சுப்பர்வைசர் மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராக ஆம் என்றார்கள். குறிப்பு, எழுதியது எழுதியபடியே, ஏற்றுக்கொள்ளப்பட்டது.