சாமி வேற, தொண்டை வேற

இலாரியோ மாவின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்துகொண்டிருக்கிறார். பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பதின்மூன்று வந்தால் உருட்டுக்கட்டை மறுபடி மாவின் மேல் ஏறும். எய்பார் ஊரின் துப்பாக்கிப் பட்டறைகளில் நாற்பது வருடம் கடைசல் பிடித்த கை அது. துப்பாக்கிக் குழாய்க்குக் காட்டிய கண்டிப்பைச் சோம்புக் கேக்குக்கும் காட்டாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

"ஏன் மனுஷா, திங்கப் போறோமா, இல்ல மெஷின்ல மாட்டப் போறோமா?" என்கிறாள் மனைவி கார்மெலே.

"உனக்கென்ன தெரியும்? கோணலா இருந்தா மேல வெள்ளைப் பூச்சு நிக்காது."

நாளை பிப்ரவரி மூன்று, தொண்டையைக் காக்கும் புனிதர் சான் பிளாஸின் திருநாள். வீட்டுக்கு வீடு இந்தத் தட்டைக் கேக்கைச் சுட்டு, முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்துப் பூசி, கோவிலில் மந்திரித்து வாங்கி, ஆளுக்கொரு துண்டு தின்பார்கள். வருடம் முழுக்கத் தொண்டைக்குக் கவலையில்லை. மந்திரிக்காமல் தின்றால் வயிறு நிறையும், அவ்வளவுதான்.

இலாரியோ தொழிற்சங்கக்காரர். கடவுள் இல்லை என்பதை ஊரிலுள்ள மதுக்கடை அத்தனையிலும் நிரூபித்தவர். பிறகு கேக் எதற்கு என்று மடக்கினால், "சாமி வேற, தொண்டை வேற" என்பார். கோவிலுக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்று கொள்கையும் உண்டு. அதனால் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு பையை மட்டும் உள்ளே நீட்டுவார். தீர்த்தம் கேக்கின் மேல் பட வேண்டும், கொள்கையின் மேல் பட்டுவிடக் கூடாது.

வருடத்துக்கு ஏழு கேக். ஆறு, மகள்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும். ஏழாவதைக் கேட்டால் "மிஞ்சின மாவு" என்பார். பதினொரு வருடமாக அந்த மாவு, மற்ற ஆறின் எடைக்கு ஒரு கிராம் குறையாமல் மிஞ்சுகிறது. அது மேல்தெருவில் இருக்கும் தம்பி சபினுக்கு. தம்பியோடு பேச்சு கிடையாது. அவன் செய்த குற்றம் அப்படி: பத்துப் பேர் நடுவில், "அண்ணே, சோம்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டான். கேக்கை கார்மெலேதான் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

போன வருடம் சபின் மதுக்கடையில் அதையே மறுபடி சொன்னதாகக் காதுக்கு வந்தது. இலாரியோ ஆறு கேக்கை மட்டும் கோவிலுக்கு எடுத்துப் போனார். சாயங்காலம், வீட்டிலேயே கிடந்த ஏழாவதைக் காகிதத்தில் கட்டி, "கொண்டுபோய்க் குடு" என்றார். மந்திரிக்காதது என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இல்லாத கடவுளின் ஆசி இல்லாத கேக், அதனால் என்ன வந்துவிடும்?

தொண்டையில் கட்டி வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சபினுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. குரல் திரும்புமா என்பது டாக்டருக்கே தெரியவில்லை. பகுத்தறிவாளர் பாவம், அதிலிருந்து பாதி ஆளாகிவிட்டார்.

மறுநாள், திருநாள் பூசையில் ஊரே திரும்பித் திரும்பிப் பார்த்தது. முதல் வரிசையில் இலாரியோ. தொப்பி மடியில், ஏழாவது கேக் கையில். தீர்த்தம் தெளித்தாயிற்று, எல்லோரும் போயாயிற்று, அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த பூசைக்கும் அங்கேயே இருந்தார். பன்னிரண்டு மணிப் பூசையில் இளம் பாதிரியாருக்குப் பொறுக்கவில்லை.

"இதை ரெண்டு தடவை மந்திரிச்சாச்சே, இலாரியோ?"

"ஒண்ணு போன வருஷத்துக்கு ஃபாதர், ஒண்ணு இந்த வருஷத்துக்கு. ஆனா ரெண்டாவது தண்ணி சரியா நடுவுல விழல. பேசாம தெளிங்க."

வீட்டில் கார்மெலே வழக்கம்போலக் கை நீட்டினாள். "நானே போறேன்" என்று மேல்தெருப் படிகளில் ஏறினார்.

கதவைத் திறந்த சபினின் கழுத்தில் கட்டு இருந்தது. அடுப்படி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருவரால் பேச முடியாது, மற்றவருக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

"போன வருஷம் உனக்கு வந்தது மந்திரிக்காததுடா" என்றார் இலாரியோ, கேக்கைப் பார்த்துக்கொண்டே. "மறந்து இல்ல. வேணும்னேதான் விட்டேன்."

சபின் ஒரு துண்டை உடைத்து, மெதுவாக மென்று, கண்ணை இறுக்கி மூடி விழுங்கினான். வலித்திருக்க வேண்டும். மிச்சத் துண்டிலிருந்து ஒரு சோம்பை நகத்தால் நோண்டி எடுத்து, மேசையில் அண்ணன் முன்னால் வைத்தான். இன்னொன்று. மூன்றாவது.

இலாரியோவின் காது சிவந்தது. மூன்று சோம்பையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.