ஓடை வழியில் கிடந்த தழை

எங்கள் ஊர் மலையில் ஏற மூன்று வழிகள் உண்டு. இப்போது வனத்துறை அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு, தூரத்தையும் எழுதிப் பலகை நட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து காரிலும், உத்திரமேரூர் பஸ்ஸிலும் ஆட்கள் வருகிறார்கள். பலகையைப் படித்த பிறகும் என் வீட்டு வாசலில் நின்று எந்த வழி நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்கள். புது மனிதர்களிடம் எனக்குப் பேச்சு வராது. முதல் வழியைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

எங்களுக்கு அது ஓடை வழி. மற்ற இரண்டும் பாறை வழி, மாட்டு வழி. மாட்டு வழி மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். மாடுகளுக்கு அவசரம் கிடையாது. பாறை வழியில் பெயருக்குக்கூட நிழல் இல்லை. ஓடை வழிதான் அழகு. வெப்பாலையும் நுணாவும் இரண்டு பக்கமும் கவிந்திருக்க, சித்திரை மாதத்தில் களாப்பழம் கைக்கெட்டும் உயரத்தில் கறுத்துத் தொங்கும். பாதி ஏறியதும் பாறை நடுவே ஒரு சுனை. எவ்வளவு வெயில் அடித்தாலும் அதில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

ஊர்ப் பெண்கள் விறகுக்குப் போவதும் அந்த வழியில்தான். காப்புக்காட்டில் விறகு வெட்டக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் வெட்டினார்கள். வெட்டாமல் பார்த்துக்கொள்ள வனத்துறை வைத்திருந்த வாட்சர், என் மாமா.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவள் சீக்கிரம் போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். வாட்சர் வேலை நான்கு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தது. பெரிய ஆபீசர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் நிரந்தரமாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நான்காவது படித்த வருஷம் அந்த ஆபீசரே எங்கள் மலைக்கு வந்தார். வெளியூர் ஆட்கள் நடந்து பார்க்க ஒரு பாதை அமைக்கப் போகிறார்களாம். மூன்றில் எது நல்ல வழி என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். மகளுக்கு என் வயது. அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மாமா என்னையும் அழைத்துப் போனார்.

மலையடியில் வழிகள் பிரியும் இடத்தில் மாமா நின்று, பாறை வழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதில் போனால் காற்று பிய்த்துக்கொண்டு போகும், மேலே நின்றால் தென்னேரி ஏரி வரைக்கும் தெரியும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வழியில் ஏறினால் ஆடுகூட நம்மைத் திட்டும் என்று சொன்னவர் அவர்தான். ஆபீசரின் மனைவி பாறையைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார், பிறகு ஓடை வழியைக் காட்டி, "அங்கே நிழலா இருக்கே" என்றார். ஆபீசரும் அதில் நடக்கத் தொடங்கிவிட்டார். மாமாவின் முகம் ஏனோ சுருங்கிப்போனது.

அவர் ஒரு புங்கங்கிளையை ஒடித்து, ஈ விரட்டுகிறவர் போல இரண்டு தரம் வீசிவிட்டு, ஓடை வழியின் வாயிலேயே போட்டார். எல்லோருக்கும் பின்னால் வந்த நான் அதைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் கூட்டமாகப் போகும்போது, முன்னால் போகிறவர்கள் தாங்கள் போகாத வழியில் பச்சைத் தழையைப் போட்டுவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிறவர்கள் தழை கிடக்கிற வழியில் கால் வைக்கமாட்டார்கள். திருப்புலிவனம் கோயிலுக்கு நடந்து போகும்போது நானே போட்டிருக்கிறேன். மாமாவோ, நாங்கள் போகிற வழியிலேயே தழையைப் போட்டிருந்தார். ஜீப் டிரைவர் சாப்பாட்டுக் கேரியரோடு பின்னால் வரப்போவது எனக்குத் தெரியும். தழையைப் பார்த்துவிட்டு அவர் பாறை வழியில் ஏறினால் எல்லோரும் பட்டினி. பெரியவர்கள் முன்னால் மாமாவின் தப்பைச் சொல்லிக் காட்ட வெட்கமாக இருந்தது. தழையை எடுத்துச் சத்தமில்லாமல் பாறை வழியில் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். நல்ல காரியம் செய்த நினைப்பில் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

டிரைவருக்கு மாமா வாயாலேயே வழி சொல்லிவிட்டிருந்தார் என்பதும், தழை அம்மாவுக்காகப் போட்டது என்பதும் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. முதல் நாள் மாமா வீட்டுக்கு வந்து, நாளைக்கு விறகுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். "வூட்ல ஒரு சுள்ளி இல்ல. அடுப்புல இன்னா, உன் காலையா வெக்கிறது?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். கடைசியில், ஆபீசர் போகிற வழியில் மாமா தழை போடுவது, பெண்கள் வேறு வழியில் ஏறுவது என்று பேசி முடித்திருக்கிறார்கள்.

சுனையில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஆபீசரின் மகள் ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். ஆபீசர் நோட்டில் ஏதோ வரைந்துகொண்டு, இதுதான் சரியான வழி, இங்கே ஒரு பெஞ்சு போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கீழே வளைவில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. கேரியர் வருகிறது என்று நான் எழுந்தேன்.

வந்தது அம்மா. இடுப்பில் கொடுவாள், தோளில் கயிறு. பின்னால் வந்த இரண்டு பெண்கள் புதருக்குள் மறைந்துவிட்டார்கள். முன்னால் வந்த அம்மாவுக்கு மறைய இடமில்லை.

ஆபீசர் நோட்டை மூடினார். "யாருய்யா இது? உங்க ஊரா?"

"இல்லீங்க ஐயா. வேற ஊரு மாதிரிக்கீது" என்றார் மாமா. பிறகு அம்மாவிடம் திரும்பி, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "யாரும்மா நீ? காப்புக்காட்ல கத்தி எடுத்துக்கினு வரக்கூடாதுன்னு தெரியாது? குடு அத" என்றார்.

அம்மா கொடுவாளை இரண்டு கையாலும் நீட்டினாள். கயிற்றையும் கொடுத்தாள். "தெரியாம வந்துட்டங்க ஐயா. இனிமே வரமாட்டன். உட்ருங்க ஐயா" என்று கும்பிட்டாள். ஆபீசர் பக்கம் திரும்பாமல் மாமாவைப் பார்த்தே கும்பிட்டாள்.

வழக்கமாக மாமாவை "டேய்" என்று கூப்பிடுகிறவள் அவள். அவர்களுக்கு ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லையா? வெயிலில் அலைந்தால் புத்தி மாறிப்போகும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் சொன்னது ஞாபகம் வந்தது. நான் அம்மாவை நோக்கி இரண்டு அடி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. ஆபீசரின் மனைவி என்னைப் பார்த்து, "உனக்கு இவங்களைத் தெரியுமா பாப்பா?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். சந்தையில் யார் பிள்ளையோ குறுக்கே வந்தால் பார்ப்போமே, அப்படி. மாமா போட்ட தழையில் நான் கை வைத்தது எப்படியோ தெரிந்துபோய், என்னைத் தன் பிள்ளை இல்லை என்று முடிவு செய்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"தெரியாது" என்றேன்.

ஆபீசரின் மனைவி என் சட்டையைப் பார்த்தார். பிறகு அம்மாவின் ரவிக்கையைப் பார்த்தார். இரண்டும் ஒரே துணி, ஊதாவில் வெள்ளைப் புள்ளி. ரவிக்கைக்கு எடுத்ததில் மிஞ்சியதில்தான் எனக்குச் சட்டை தைத்திருந்தாள். அவர், "போகட்டும் விடுங்க, கத்தியைத்தான் வாங்கியாச்சே" என்று கணவரிடம் சொல்லிவிட்டு மகளின் காலைத் துடைக்க ஆரம்பித்தார். அம்மா வந்த வழியே திரும்பி இறங்கிப் போனாள். கேரியர் வந்ததும் எனக்கும் ஒரு தட்டில் புளியோதரை வைத்தார்கள். நான் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் எங்கள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். புதருக்குள் மறைந்த இருவரும் நடந்ததை நடித்துக் காட்டினார்கள். "புள்ளைக்கு இன்னா சமர்த்து பாரு, பெத்தவள தெரியாதுன்னு ஒரே போடா போட்டுச்சே" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்கள். எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா மட்டும் அந்தச் சிரிப்பில் சேராமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் போன பிறகு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் மடியில் உட்காரும் வயதைத் தாண்டியிருந்தேன். பிள்ளையாக மறுபடியும் சேர்த்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாமா வந்தார். சாக்கில் சுற்றிய கொடுவாளை வாசற்படியில் வைத்துவிட்டு வெளியிலேயே நின்றார். அம்மா கைகால் கழுவச் சொல்லி, மீன் குழம்பு இருக்கிறது என்றாள். பசிக்கவில்லை என்றார்.

"ஏன், ஐயாவுக்கு நம்ம வூட்டு சோறு எறங்காதா?" என்று அம்மா சிரித்தாள்.

மாமா சிரிக்கவில்லை. காக்கிச் சட்டையின் மேல் பித்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். என்மேல்தான் கோபம் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வெளியே போய், ஓடை வழியில் கிடந்த தழையை எடுத்துப் பாறை வழியில் போட்டது நான்தான் என்று சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. மாமா, "நீ சரியாத்தான் போட்ட பாப்பா" என்றார். படியில் இருந்த கொடுவாளை எடுத்து உள்பக்கமாகத் தள்ளி வைத்தார். "வரேன்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இருட்டில் இறங்கிப் போய்விட்டார்.

தழை விஷயத்தில் நான் செய்ததுதான் சரி என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. காலையிலிருந்து காணாமல் போயிருந்த பசி ஒரேயடியாக வந்தது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என் பங்கை முடித்துவிட்டு, மாமாவுக்காகத் தனியே எடுத்து வைத்திருந்த இரண்டு மீனையும் நானே சாப்பிட்டேன்.