அழித்துவிட்ட பாயிண்ட்

ஆழ்கடலுக்குத் தூண்டில் போடப் போன என் கணவர் குளச்சலில் கரையேறிய அன்று, ஐஸ் பெட்டி கொள்ளாத அளவு கலவா மீன். மனுஷன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. குழம்புக்கு மீன் இல்லாமல் அவர் வீட்டுக்கு வந்ததும் அதுதான் முதல் தடவை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது.

பைக்குள் பாசி பிடித்த பட்டை, இரண்டு துண்டு. ஒன்றில் பூட்டு, மற்றதில் அந்தப் பூட்டுக்குள் செருகுகிற தகடு.

"தொடாத ஏட்டி. பிளேன் பெல்ட்டு. கல்ஃபுக்குப் போவும்போ இடுப்புல கெட்டுனது ஓர்ம இருக்கு."

எந்த விமானம், எப்போது விழுந்தது, ஒன்றும் தெரியாது. அடியில் தூண்டில் சிக்கியிருக்கிறது. பலம் கொண்டு இழுத்தபோது இது வந்திருக்கிறது. கடலில் எது விழுந்து கிடந்தாலும் மீன் அதில் குடியேறிவிடும். அவ்வளவு கலவா எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது புரிந்தது.

"ஜிபிஎஸ்ல பாயிண்ட் போட்டியளா?"

"போட்டேன். பெறவு அழிச்சிட்டேன். அந்த எடத்துக்கு இனி ஒருத்தனும் போவப்பிடாது."

மீன் கிடைக்கிற பாயிண்டை உடன்பிறந்தவனிடம்கூடச் சொல்லாத ஆள் இவர். அதையே அழித்தார் என்றால் எப்படிப் பயந்திருப்பார்! ஆனாலும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. புயலில் போன என் அண்ணனின் படகு எங்கே மூழ்கியது என்று இன்றுவரை தெரியாது. "தேடுங்க, தேடுங்க" என்று கடற்கரையில் நின்று அதிகாரிகளிடம் கத்தியவர்களில் நானும் ஒருத்தி. அதேபோல எந்த ஊரிலோ யாரோ காத்துக்கிடப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய இடத்தை இவர் ஒரு பொத்தானை அமுக்கி இல்லாமல் ஆக்கிவிட்டார். நச்சரித்து, மறுநாளே மீன்துறை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி வரைபடத்தை விரித்தார். இவர் யோசித்து யோசித்து ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தார். குளச்சலிலிருந்து இராஜாக்கமங்கலம் வரை உள்ள தூரம் அளவுக்குக் கடல் அந்த ஒரு விரலுக்கடியில் அடங்கும்.

"இவ்வளவு கடலையும் எப்படித் தேடுறது? அடி ஆழம் வேற. சரியான பாயிண்ட் இல்லாம ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் அதிகாரி. பெல்ட்டை ஓர் உறையில் போட்டு ஒட்டினார். இவர் குனிந்த தலை நிமிரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே ஓர் ஆறுதல் மிச்சமிருந்தது. பெல்ட் கழன்றுதானே இருந்தது? அந்த இருக்கையில் இருந்தவர் அதைக் கழற்றிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். ஒருவேளை தப்பியும் இருக்கலாம். இதை இவரிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே ஒன்று உறைத்தது. கழன்ற இரண்டு துண்டும் ஒரே தூண்டிலில் எப்படிச் சேர்ந்து வரும்?

கேட்டேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பூட்டித்தான் கெடந்துச்சு" என்றார். "நான்தான் தொறந்து விட்டேன்."