ஐஸில் போன ரத்தம்

எங்கள் தொழிலில், ஊசியைப் பார்த்து அழாத பிள்ளையைக் கண்டால்தான் பயப்பட வேண்டும். அது பலமுறை வந்து பழகிய பிள்ளை. ஈப்போவில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் உறவினர்கள் என்னை டாக்டர் என்றே நம்புகிறார்கள். குழாயில் ஒட்டிய பெயரை மூன்று முறை சரிபார்த்தும் நிம்மதி வராத சக பாவிகளே, இது உங்களுக்காக.

மூன்றாம் அம்மை

சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்ட வீடுகளிலிருந்து வரும் தர்ஷினிக்கு ஐந்து வயது. சட்டைக் கையைத் தானே மடித்துக் கையை நீட்டுவாள். மூன்றாவது முறையாகச் சின்னம்மை. விரல் முழுக்க மரு. அம்மன் விடாமல் வருகிறாள், புண்ணியம் செய்த வீடு என்று அக்கம்பக்கத்தில் பாராட்டாம்.

அவளைப் பார்க்கும் டாக்டருக்கு அந்தப் புண்ணியத்தில் சந்தேகம். வைரஸ் புகுந்த செல்களை உத்தரவுக்குக் காத்திராமல் தாக்கும் இயற்கைக் கொல்லி அணுக்கள் இவளுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லையோ என்று. அப்படியானால் உடனே தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். அடுத்த அம்மை நுரையீரலுக்குப் போனால் தாங்க மாட்டாள். இதை அவள் அம்மா கலையரசி அக்காவுக்குப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் சரி தம்பி. மூனாவது தடவ அம்மைன்னா பாலர் பள்ளி டீச்சர் நம்ப மாட்டேங்கிறாங்க. லீவு லெட்டர்ல வேற ஏதாச்சும் நோய் போட்டுத் தர முடியுமா லா?”

மணியம் அண்ணனின் அக்கறை

சோதனை கோலாலம்பூரில். அணுக்கள் ஒரு நாளுக்குள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். குளிர் பட்டால் பயனில்லை. ‘குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது’ என்று மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டினேன். வேன் ஓட்டும் மணியம் அண்ணன் முன்பு பாகான் செராயிலிருந்து மீன் ஏற்றியவர். வழியில் பீடோரில் வெயில் தாங்காமல் நிறுத்தி, ஐஸ் வாங்கி, குழாயை அதில் புதைத்துவிட்டார். ரத்தம் வீண் என்று கோலாலம்பூரிலிருந்து போன் வந்தது. அவரிடமே கேட்டேன்.

“பெட்டில வெக்காதன்னுதானே எழுதின? நான் பெட்டிலயா வெச்சேன்? நம்ம புள்ள ரத்தம், கெட்டுப் போயிடக் கூடாதுன்னு பாத்தேன்.”

உண்மை சொன்ன நாள்

சீட்டு எழுதியவன் நான். மெஷின் ரொசாக், பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடு, மெஷின் வந்து மறுத்துப் பேசவா போகிறது என்று சீனியர் சரஸ் அக்கா யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் மெஷினைக் காட்டிக்கொடுக்கவும் எனக்குத் தைரியமில்லை. கலையரசி அக்காவுக்கு போன் போட்டு, தப்பு என்னுடையது, பிள்ளைக்கு மறுபடியும் குத்த வேண்டும் என்றேன். மறுநாளே வேலைக்கு லீவு போட்டுப் பிள்ளையோடு வந்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

“தப்பு பண்ணிட்டேன்னு ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்தது இதான் மொத தடவ. ‘ஐஸ் வேணாம்’னு கொட்டை எழுத்துல எழுது. இல்லாட்டி நீயே வேன்ல ஏறிப் போ.”

ஏறிப் போனேன். பீடோரில் மணியம் அண்ணன் தேநீருக்கு நிறுத்தியபோதும் குழாய்ப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஆளுக்குப் பாதி

சந்தேகம் உறுதியானது. பரம்பரைக் கோளாறா என்று பார்க்கப் பெற்றோரின் ரத்தமும் வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் பக்கம் யாருக்கும் இப்படி இல்லை என்று இரண்டு பக்கத்து உறவினரும் வரவேற்பறையிலேயே சத்தியம் செய்தார்கள். முடிவில், ஒரே மரபணுவின் பழுதான பிரதி அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று. லோரி ஓட்டும் அப்பா அந்தத் தாளை வாங்கிப் படித்தார்.

“ஆளுக்குப் பாதி. கல்யாண சாப்பாட்டுல கூட ரெண்டு குடும்பமும் இப்படி ஒத்துப் போனதில்ல.”

மூன்று மாதம் கழித்து

தடுப்பு மருந்து தொடங்கியாயிற்று. முழுக்கக் குணமாக எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும், கொடுக்கப் பொருத்தமான ஆளை இன்னும் தேடுகிறார்கள். மூன்று மாதமாக அம்மையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. போன வாரம் வழக்கமான பரிசோதனைக்கு வந்த தர்ஷினி, ஊசியைப் பார்த்ததும் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டு அலறினாள். கலையரசி அக்கா அவளை இழுக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா தம்பி, புள்ளைக்குப் பழக்கம் விட்டுப் போச்சு.”

ஒரு பிள்ளையை அலறவிட்டு அதற்காகப் பெருமைப்படும் உத்தியோகம், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.